இறக்கக்கண்டியில ஒரு ஏக்கர் மிளகாய், செத்தலுக்கு (காய வச்ச மிளகாய்க்கு) போடலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கடலோரத்தான் (ஐப்பசி நடுப்பகுதி)

வணக்கம் எல்லாருக்கும். நான் கட்டார்ல ஆறு வருசம் நிண்டுட்டு வந்து இப்ப நாலு மாசம், திரும்பிப் போற எண்ணம் இல்ல. திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டியில அப்பாட காணி ரெண்டு ஏக்கர் இருக்கு, மணல் பாங்கான நிலம், முந்தி சின்ன வெங்காயம் போட்டது, அப்பா ஏலாம போன பிறகு நாலஞ்சு வருசமா சும்மா கிடக்கு, கிணறு இருக்கு, தண்ணி இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு, பம்ப் ஒண்டு வாங்கிட்டன். வெங்காயத்துக்கு விதை வெங்காயமே கனக்க காசு கேக்குது, அதால மிளகாய் போடுவம் எண்டு யோசிக்கிறன்.

யூடியூப்ல ஒராள் சொன்னார் ஒரு கண்டில ஒரு கிலோ காய்க்குமாம். ஏக்கருக்கு 15,000 கண்டு நடலாமாம். அப்ப 15,000 கிலோ. செத்தல் கிலோ 800 ரூவா எண்டு வச்சாலும் 120 லச்சம் வருது. செலவு பாதி போனாலும் 60 லச்சம். கணக்கு எங்கயோ பிழைக்குது எண்டு மனசு சொல்லுது ஆனா எங்க எண்டு விளங்கேல்ல. பச்சையா வித்தா விலை ஏறி இறங்குமாம், செத்தல் எண்டா வச்சு விக்கலாம்தானே, அதான் முழுக்க செத்தலுக்கே போடுவம் எண்டு இருக்கன்.

என்ன இனம் போடுறது, எப்ப நாத்து மேடை போடுறது, இந்த மழைக்கு முதலே நடலாமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. மனுசி ஏற்கனவே கோவத்தில இருக்கா.


சும்மா பாத்திட்டு போறவன்

120 லச்சமா? அண்ண எனக்கும் ஒரு வேலை தாங்க, கண்டுக்கு தண்ணி ஊத்துறன். 😂


தம்பலகாமத்துக் கமக்காரன்

தம்பி, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். மனசு சொன்னது சரிதான், கணக்கு ரெண்டு இடத்தில பிழைச்சிருக்கு, அத முதல் பாப்பம்.

ஒண்டு, நீங்க பெருக்கினது பச்சைக் காயின்ட நிறைய செத்தல் விலையால. காய் கண்டில இருக்கேக்க முக்காவாசி தண்ணி. நல்லா பழுத்த பழம் நாலு கிலோ காய வச்சா ஒரு கிலோ செத்தல் வரும், கொஞ்சம் முன்ன பின்ன. அப்ப உங்கட 15,000 கிலோ உடனயே 3,750 கிலோவா போச்சு. ரெண்டாவது, கண்டுக்கு ஒரு கிலோ எண்டு சொன்னவர் வீட்டு முத்தத்தில பூச்சாடியில வளத்த கண்ட பாத்திருப்பார். நான் 30 வருசத்துக்கு மேல மிளகாய் போடுறன், நல்லா வந்த வருசத்தில ஏக்கருக்கு பச்சையா 4,000 கிலோ எடுத்திருக்கன், இலை சுருண்ட வருசம் 1,000 கிலோவும் இல்ல. 4,000 கிலோவையும் பழுக்க விட்டு காய வச்சா 1,000 கிலோ செத்தல், 800 ரூவாப்படி எட்டு லச்சம். அதிலதான் கூலி, பசளை, மருந்து, எண்ணெய், கரண்ட் எல்லாம் கழிக்க வேணும்.

அதால நான் பாக்குற ஒரே கணக்கு இதுதான்: அண்டைக்கு பச்சை போற விலைய நாலால பெருக்குங்க, காய வைக்கிற கூலியையும் கூட்டுங்க, செத்தல் விலை அதுக்கு மேல நிண்டா பழுக்க விடுங்க, கீழ நிண்டா பச்சையா ஆஞ்சு வித்துப் போடுங்க. பச்சை 300 எண்டா செத்தல் 1,200க்கு மேல போகவேணும், இல்லாட்டி வெயில்ல நிண்டது மிச்சம். இன்னொண்டு, கண்டில காயப் பழுக்க விட்டா அது புதுசா பூக்குறது குறையும், பச்சையா ஆய ஆயத்தான் திரும்பத் திரும்ப பூக்கும். அந்தக் கணக்க ஒருத்தரும் போடுறேல்ல.

மழைக்கு முதல் நடுறத பத்தி: உங்கட பக்கம் வேண்டாம். கார்த்திகை மார்கழியில வாடைக் காத்தோட அடிக்கிற மழைக்கு மணல் காணியில பசளை எல்லாம் கீழ ஓடிப் போகும், பள்ளமான இடத்தில வேர் அழுகும். மார்கழி கடைசியில மேடை போட்டு, தை கடைசி மாசி முதல்ல நடுங்க. நாலு கிழமைக் கண்டுதான் நடுறதுக்கு சரி, நீட்டமா வளந்த கண்ட நட்டா சோந்து போய் நிக்கும். சித்திரையில ஆயத் தொடங்கலாம்.

முதல் வருசம் ஒரு ஏக்கர் வேண்டாம் தம்பி. கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச் போடுங்க. மிளகாய்க்கு காசு போறது நடேக்க இல்ல, ஆயேக்க. கிழமைக்கு ஒருக்கா ஆயவேணும், ஒரு ஏக்கருக்கு ஆக்கள் வேணும், எங்க பிடிப்பீங்க?


மூதூர் நானா

கமக்காரன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா 4,000 கிலோ எண்டுறது பழைய இனத்துக்கு. நான் மூணு வருசமா ஹைபிரிட் (கலப்பின விதை) போடுறன், சொட்டுநீர், வெள்ளிக் கலர் மேல்பக்கமா இரிக்க பொலித்தீனால பாத்திய மூடுற, அதில ரெண்டு மடங்குக்கு மேல எடுத்திரிக்கன். வெள்ளிக் கலர் வெளிச்சத்தக் கண்டா வெண்ஈயும் இலைப்பேனும் கண்டுக்குள்ள இறங்கிறது குறையும், புல்லும் முளைக்காது, கச்சான் காத்தடிக்கிற காலத்தில ஈரமும் நிக்கும். (கச்சான் எண்டது காத்து, கடலை இல்ல, வெளிநாட்டில இருந்து வந்த தம்பிக்காக சொல்றன்.)

வெளிநாட்டு ஹைபிரிட் விதை விலை கூடத்தான். மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்துக்காரர் செஞ்ச நம்மட நாட்டு ஹைபிரிட்டும் இரிக்கி, மிச் ஹைபிரிட் 1 எண்டு, கிடைச்சா அதப் போடலாம். ஹைபிரிட் போட்டா இடைவெளி கூட விட வேணும், ஒரு குழிக்கு ஒரு கண்டுதான், கண்டு பெருசா விரியும்.

ஆனா ஒண்டு, ஹைபிரிட்ல இருந்து விதை எடுத்து அடுத்த வருசம் போட்டுறாதீங்க. எங்கட மச்சான் ஒருத்தர் காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு அப்படி செஞ்சார், ஒரு கண்டு நெடுப்பம் ஒரு கண்டு குட்டை, ஒண்டில காய் நீட்டம் ஒண்டில குண்டு, ஏலம் விடுற இடத்தில யாவாரி சாக்க அவிழ்த்துப் பாத்திட்டு "இது எத்தினை பேர்ர தோட்டம்" எண்டு கேட்டான்.


தம்பலகாமத்துக் கமக்காரன்

நானா, உங்கட ரெண்டு மடங்கு உண்மைதான், செலவும் ரெண்டு மடங்குதானே. பொலித்தீன், சொட்டுக் குழாய், விதை எல்லாம் கண்டு நடமுதலே போற காசு. 2021 வைகாசியில ரசாயனப் பசளைய ஒரே அடியா நிப்பாட்டினாங்களே, கார்த்திகையில திரும்ப விட்டாங்க, அதுக்குள்ள எத்தினை பேர் விழுந்தது? அந்த முறை ஹைபிரிட் போட்டவை ரெண்டு பேர எனக்குத் தெரியும், பசளை இல்லாம கண்டு மஞ்சளிச்சு நிண்டது, போட்ட காசில பாதியும் வரேல்ல. என்ட பழைய இனம் எம்ஐ 2 மாட்டெருவோட ஏதோ காய்ச்சது. குறைவாத்தான், ஆனா நான் போட்டதும் குறைவுதானே.

எம்ஐ 2 விதைய நானே எடுக்கிறன். தோட்டத்துக்கு நடுவில நிக்கிற, சுருளாத, நல்லா காய்ச்ச கண்டாப் பாத்து நூல் கட்டி வச்சு, ரெண்டாம் மூண்டாம் ஆய்ச்சல்ல வார பழத்தில எடுக்கிறது. ஓரத்தில நிக்கிற கண்டில எடுக்கிறேல்ல, பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் தேனி கொண்டு வந்து கலந்து போடும்.


மூதூர் நானா

அந்த வருசத்தப் பத்தி கதைக்காதீங்க அண்ணே, இன்னும் நெஞ்சு எரியுது. ஒத்துக்கிறன்.


பழைய போதனாசிரியர்

நான் விவசாயத் திணைக்களத்தில இருந்து ஓய்வு பெற்று சில வருசம் ஆகுது. ரெண்டு பேரும் இனத்தில நிக்கிறீங்க, நான் கிணத்தில இருந்து தொடங்குறன்.

தம்பி, இறக்கக்கண்டி ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் களப்பு. "தண்ணி இப்போதைக்கு நல்லா இருக்கு" எண்டு ஐப்பசியில சொல்லாதீங்க. உங்களுக்கு தண்ணி தேவைப்படுறது சித்திரையில இருந்து ஆடி வரைக்கும், அப்பதான் கிணத்தில நன்னீர் மெல்லிசாகி கீழ இருக்கிற உப்புத் தண்ணி மேல வரும், பம்ப போட்டு ஒரேயடியா இழுத்தா இன்னும் கெதியா வரும். மிளகாய் உப்பத் தாங்கிற பயிர் இல்ல. மண்ணில உப்பு அளவு 1.5 டெசிசீமன் (மண்ணின்ட உப்ப அளக்கிற அலகு) தாண்டினா விளைச்சல் விழத் தொடங்கும். வாயில வச்சுப் பாத்து அது தெரியாது, நாக்குக்கு உப்புத் தெரியிற நேரம் மிளகாய்க்கு எப்பவோ பிந்திட்டுது. கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியரக் கேட்டு தண்ணியையும் மண்ணையும் பரிசோதிக்க குடுங்க. அப்பா வெங்காயம் போட்ட காலத்தில ஆடி மாசத்துக் கிணறு எப்படி இருந்தது எண்டு அவரிட்டயே கேளுங்க, அது லாப் ரிப்போட்ட விட பெறுமதி.

வெங்காயக் காணி எண்டது நல்ல விசயம். கத்தரி, தக்காளி, புகையிலை போட்ட நிலத்தில மிளகாய் போட்டா ஒரே குடும்பத்து நோய் எல்லாம் காத்துக்கொண்டு இருக்கும்.

மேடைய பத்தி ஒராளும் சொல்லேல்ல. மேடை மண்ணுக்கு மேல வைக்கோலும் உமியும் மாறி மாறிப் போட்டு எரிச்சுப் போட்டு விதை போடுங்க, நாத்தழுகல் குறையும். மேல பூச்சி புகாத வலை போட்டு மூடுங்க. வெண்ஈ சின்னக் கண்டில வைரஸ ஏத்திச்சுது எண்டா அந்தக் கண்டு காய்க்காது, பிறகு எந்த மருந்துக்கும் திரும்பாது. தோட்டத்தச் சுத்தி ரெண்டு வரிசை சோளன் மிளகாய்க்கு ஒரு மாசம் முன்னமே போடுங்க, வெண்ஈக்கு அது ஒரு வேலி. வேலை செய்யிறவை பீடி சுருட்டு குடிச்சா சவுக்காரம் போட்டு கை கழுவிட்டு கண்டத் தொடச் சொல்லுங்க, புகையிலையில இருக்கிற ஒரு வைரஸ் மிளகாய்க்கும் தொத்தும். சொன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.


பாலையூத்து மிளகாய்த்தூள் அக்கா

நான் வீட்டில மிளகாய்த்தூள் அரைச்சு விக்கிறன், செத்தல் வாங்கிற பக்கத்தில இருந்து சொல்றன்.

தம்பி "செத்தல் எண்டா வச்சு விக்கலாம்" எண்டு எழுதி இருக்கிறீங்க. வைக்கலாம், ஆனா உங்களோட போட்டிக்கு நிக்கிறது பக்கத்துத் தோட்டம் இல்ல, இந்தியா. இலங்கையில சமைக்கிற செத்தல்ல பெரும்பங்கு அங்க இருந்துதான் வருது, ஆந்திராவில குண்டூர் எண்டு ஒரு இடம், இந்தியாவில மிளகாய்க்கு பேர்போன பெரிய சந்தை. அங்க விளைச்சல் கூடினா இங்க விலை விழும். அதோட இறக்குமதி வரி ஒரு வர்த்தமானியில கூடும், இன்னொரு வர்த்தமானியில குறையும், நீங்க மூட்டைய கட்டி வச்சிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கட அம்மா சொல்லுவா, 1970ல இருந்து 77 வரைக்கும் வெளியில இருந்து செத்தலும் வெங்காயமும் வர விடாம வச்ச காலத்தில தோட்டக்காரர் மிளகாய் வித்தே கல்வீடு கட்டினவையாம். 77க்குப் பிறகு திறந்து விட்டாப்போல மூட்டை மூட்டையா தேங்கிப் போச்சாம். பாண் வாங்க லைன்ல நிண்ட கதையையும் அதே மூச்சில சொல்லுவா, அது வேற கதை.

ஆனா ஒரு இடம் இருக்கு. ஊர்ச் செத்தல் எண்டா என்னட்ட கேட்டு வாங்கிற ஆக்கள் இருக்கினம், தூளுக்கு வாசம் வேற, கூட ஒரு பங்கு விலை குடுப்பினம். நல்லாக் காய்ஞ்சிருக்க வேணும். எனக்கு வாரதில பாதிய நான் திருப்பி அனுப்புறன். சிலர் தார் ரோட்டில போட்டு காய வைக்கினம், மண்ணும் நாய் மயிரும். சிலர் பாதிக் காய்ஞ்சத சாக்கில கட்டி வைக்கினம், பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் போகாது. வெள்ளை பத்தின செத்தலும் வேண்டாம்.

நல்லாப் பழுத்தத காம்போட ஆஞ்சு, ஒண்டு ரெண்டு நாள் நிழல்ல குவிச்சு வையுங்க, அரைவாசி சிவந்ததும் முழுக்க சிவந்திடும். பிறகு படங்கு விரிச்சு மெல்லிசாப் பரப்பி, பிரட்டிப் பிரட்டிக் காய வைச்சு, பின்னேரம் பனி விழ முதல் மூடுங்க. கையில எடுத்து ஆட்டினா உள்ளுக்கு விதை கலகலக்க வேணும். காம்பு கழண்டா அந்த ஓட்டையாலதான் பூஞ்சணம் போகும்.

கை எரிஞ்சா தண்ணியில கழுவி ஒண்டும் நடக்காது, அந்த எரிவு தண்ணியில கரையாது. தேங்காய் எண்ணெய் பூசித் துடைச்சுப் போட்டு சவுக்காரம் போடுங்க. கண்ணத் தொடாதீங்க. இத ஏன் சொல்றன் எண்டா ஆம்பிளையள் எல்லாரும் தொட்டுட்டுத்தான் கத்துவினம்.


சும்மா பாத்திட்டு போறவன்

அக்கா ஒரு சந்தேகம். எங்கட அம்மம்மா கொச்சிக்காய் எண்டுதான் சொல்லுவா, நாங்க மிளகாய் எண்டுறம். எது சரி?


பாலையூத்து மிளகாய்த்தூள் அக்கா

ரெண்டும்தான். கொச்சிக் கப்பல்ல வந்ததால கொச்சிக்காய் எண்டு எங்கட அம்மா சொல்லுவா, மிளகு மாதிரி உறைக்கிற காய் மிளகாய். 1624ல இஞ்ச கோணேசர் மலையில கோட்டை கட்டினது போத்துக்கீசன், அதுக்கு முதலே இலங்கைக்கு மிளகாயக் கொண்டு வந்தவையும் அவங்கதான், மிளகாய் வர முதல் நாங்க மிளகிலதான் குழம்பு வச்சனாங்க. கோயில இடிச்சதுக்கு இதாவது தந்தானே எண்டு என்ட மாமனார் பகிடி விடுவார்.


கடலோரத்தான்

எல்லாருக்கும் சரியான நன்றி. கணக்க மனுசிக்கு காட்டினன், "நான் அப்பவே சொன்னன்" எண்டுட்டா, அப்ப அவ ஒண்டும் சொல்லேல்ல, ஆனா சரி.

அப்பாட்ட கிணத்தப் பத்திக் கேட்டன். மேற்குப் பக்கத்துக் கிணறு ஆடியில "சப்பெண்டு" வருமாம், கிழக்குப் பக்கம் பனையடியில ஒரு சின்னக் கிணறு தூர்ந்து கிடக்கு, அது எப்பவும் நல்ல தண்ணியாம். அதத் தோண்டப் போறன். 40 பேர்ச்தான் போடப் போறன். பாதி எம்ஐ 2, பாதி ஹைபிரிட். ரெண்டு பேரும் கோவிக்கப்படாது.


கடலோரத்தான் (பங்குனி கடைசி)

அந்தரமா எழுதுறன். கண்டு நட்டு எட்டுக் கிழமை, நல்லாத்தான் வந்தது, பூவும் பிஞ்சும் இருக்கு. போன கிழமையில இருந்து நுனி இலை சுருளுது. கடையில போய் சொன்னன், ஒரு மருந்து தந்தாங்க, அடிச்சன், நாலு நாள் கழிச்சு இன்னும் கூடிட்டுது. திரும்பப் போனா அதையே கூட்டி அடிக்கச் சொல்றாங்க. படம் போட்டிருக்கன். தோட்டம் முழுக்க இல்ல, தெற்குப் பக்கம் ரோட்டோரம்தான் கூட.


பழைய போதனாசிரியர்

இன்னொருக்கா அடிக்க முதல் நில்லுங்க. படத்தப் பாத்தன். சுருளுறது எல்லாம் ஒண்டில்ல, எந்தப் பக்கம் சுருளுது எண்டதிலதான் விசயம் இருக்கு.

இலை விளிம்பு மேல் பக்கமா எழும்பி தோணி மாதிரி நிண்டா அது பேன். கீழ் பக்கமா மடிஞ்சு, கவிழ்த்த தோணி மாதிரி, இலைக் காம்பும் நீண்டு, இலை தடிச்சு கருகின பச்சையா இருந்தா அது சிற்றுண்ணி. இலை சின்னதாகி, மஞ்சள் நரம்போட, கண்டே குறுகி, பூ ஒண்டும் நிக்காட்டி அது வெண்ஈ கொண்டு வந்த வைரஸ். உங்கட படத்தில இருக்கிறது கூடுதலா கவிழ்த்த தோணி. சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாது, பூதக் கண்ணாடி வச்சு நுனிக் குருத்துக்கு அடிப்பக்கம் பாருங்க.

நீங்க அடிச்ச மருந்து என்ன எண்டு லேபிளப் பாத்துச் சொல்லுங்க. இமிடாக்ளோபிரிட் எண்டு இருந்தா அது பேனுக்கும் வெண்ஈக்கும், சிற்றுண்ணி பூச்சி இல்ல, எட்டுக்கால் சாதி, அதுக்கு அது கேக்காது. கேக்காதது மட்டுமில்ல, அந்த மருந்து அடிச்ச தோட்டத்தில சிற்றுண்ணி கூடுறதும் உண்டு. அதத்தான் நீங்க பாத்திருக்கிறீங்க.


கடலோரத்தான்

ஐயா அதேதான். இமிடாக்ளோபிரிட். 😓


பழைய போதனாசிரியர்

சரி. நனையுற கந்தகத் தூள் கிடைக்கும், அத லேபிள்ல இருக்கிற அளவுக்கு கரைச்சு இலைக்கு அடிப்பக்கம் நனைய அடிங்க. விடிய வெள்ளன அடிங்க அல்லது பின்னேரம், உச்சி வெயில்ல கந்தகம் அடிச்சா இலை கருகும், எண்ணெய் சேர்ந்த மருந்து எதோடையும் கலக்கப்படாது. பேனும் சேர்ந்து இருந்தா அபமெக்டின் ரெண்டையும் பிடிக்கும், ஆனா அதையே திரும்பத் திரும்ப அடிச்சா பழகிப் போகும், மாத்தி மாத்தி அடிக்க வேணும். அடிச்சாப் பிறகு எத்தினை நாள் ஆயப்படாது எண்டு போத்தில்ல இருக்கும், அத மீறி ஆஞ்சு சந்தைக்கு அனுப்பாதீங்க, அக்கா மாதிரி ஆக்கள் அதத்தான் அரைக்கினம்.

சுருண்ட இலை திரும்ப விரியாது, அதப் பாத்துப் பயப்படாதீங்க. பத்து நாள் கழிச்சு புதுசா வார குருத்தப் பாருங்க. வைரஸ் எண்டு தெரியிற கண்டு அஞ்சாறு படத்தில நிக்குது, அத இண்டைக்கே பிடுங்கி பையில போட்டு தோட்டத்துக்கு வெளிய தாட்டுப் போடுங்க. மனம் வராது. பிடுங்குங்க.


மூதூர் நானா

ரோட்டோரம் கூட எண்டா தூசி. தூசி படிஞ்ச இலையில சிற்றுண்ணிக்கு கொண்டாட்டம். சோளன் அந்தப் பக்கம் போட்டீங்களா?


கடலோரத்தான்

நானா உண்மையச் சொல்றன், மூண்டு பக்கம் போட்டன், ரோட்டுப் பக்கம் வடிவில்ல எண்டு போடேல்ல. போற வாறவை தோட்டத்தப் பாக்கட்டும் எண்டு நினைச்சன்.


சும்மா பாத்திட்டு போறவன்

சிற்றுண்ணியும் பாத்திட்டு வந்திருக்கு.


தம்பலகாமத்துக் கமக்காரன்

பகிடிய விடுங்க. தம்பி, இடையில நிண்ட நிலையில வாடுற கண்டு ஏதும் இருக்கா? பச்சையா இருக்கேக்கயே வாடினா அடித்தண்ட வெட்டி ஒரு கிளாஸ் நல்ல தண்ணியில தொங்க விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்தில பால் மாதிரி நூலா இறங்கினா பக்டீரியா வாடல், அது மண்ணில இருக்கிறது, அந்த இடத்துத் தண்ணி மற்றப் பாத்திக்கு ஓட விடாதீங்க. இறங்காட்டி சும்மா தண்ணி காணாத வாட்டம் அல்லது வேற அழுகல். எனக்கு ஒரு வருசம் இதப் பாக்கத் தெரியாம முழுத் தோட்டத்துக்கும் ஒரே வாய்க்காலால தண்ணி விட்டு நானே பரப்பினன்.


கடலோரத்தான் (ஆவணி)

கனநாளைக்குப் பிறகு. முடிஞ்சுது, கண்டு பிடுங்கிட்டன், கணக்கச் சொல்றன்.

சிற்றுண்ணி கந்தகத்துக்கு அடங்கிச்சு, ஆனா ரோட்டுப் பக்கத்து ரெண்டு பாத்தி எழும்பவே இல்ல. வைரஸ் கண்டு எல்லாமா 60க்குக் கிட்டப் பிடுங்கினன், முதல் ஆறையும் பிடுங்கேக்க மனுசி பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தா, பிறகு பிறகு அவவே பிடுங்கினா. பச்சையா ஆறு தரம் ஆஞ்சன், எல்லாமா 640 கிலோ. முதல் ரெண்டு தரமும் டவுண் மார்க்கட்டில நல்ல விலை. மூண்டாம் தரம் கொண்டு போன அண்டு தம்புள்ளையில இருந்து லொறி வந்து நிண்டுது, ஒரே நாளில விலை பாதியாப் போச்சு, 180 ரூவாக்கு குடுத்திட்டு வந்தன். வைகாசியில கச்சான் காத்துத் தொடங்க பூக் கொட்டத் தொடங்கிட்டுது, கூட்டிக் குவிக்கலாம் போல கொட்டுது, தண்ணிய ஒருநாள் விட்டு ஒருநாள் எண்டது ஒவ்வொரு நாளும் எண்டு மாத்தினன். பனையடிக் கிணறு கடைசி மட்டும் நிண்டுது, மேற்குக் கிணறு அப்பா சொன்ன மாதிரி ஆடியில சப்பெண்டு வந்துட்டுது. ஒரு ஏக்கர் போட்டிருந்தா நான் அந்தத் தண்ணியத்தான் ஊத்தி இருப்பன்.

ஆனி முதல்ல பச்சை விலை அடியில கிடந்தது, செத்தல் விலை நாலு மடங்குக்கு மேல நிண்டுது. கமக்காரன் ஐயான்ட கணக்கப் போட்டுப் பாத்து ஆயிறத நிப்பாட்டி பழுக்க விட்டன். 170 கிலோ பழம். பழுத்தாப் பிறகு கொண்டைக்குருவி வந்த வரத்து, அதுகளுக்கு உறைப்பே தெரியாதாம், நான் நம்பேல்ல, கண்ணால கண்டன், ஒரு பழத்த முழுசா விழுங்கிட்டு அடுத்தத பாக்குது. காய வச்சு 40 கிலோவும் சொச்சமும் செத்தல்.

ஹைபிரிட் பாதி, எம்ஐ 2வ விட ஒண்டரை மடங்கு காய்ச்சது. செலவு கழிச்சா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஆனா எனக்கு பொலித்தீன் அடுத்த முறைக்கும் பாதி மிஞ்சி இருக்கு. அப்ப நானாவும் சரி ஐயாவும் சரி. என்ட கூலியப் போடாம கையில ஒரு லச்சத்துக்கு கொஞ்சம் மேல நிக்குது, கிணறு தோண்டின காசு அதில சேக்கேல்ல. அடுத்த முறையும் 40 பேர்ச்தான், ரோட்டுப் பக்கமும் சோளன் போடுவன், இன்னொரு 40 பேர்ச்ல வெங்காயம்.

அக்கா, அந்த 40 கிலோவும் காம்போட இருக்கு. ஆட்டினா கலகலக்குது. எப்ப கொண்டு வர?


பாலையூத்து மிளகாய்த்தூள் அக்கா

சனிக்கிழமை விடிய கொண்டு வாங்க தம்பி. முதல் ஒண்டு சொல்லுங்க, படங்கிலயா காய வச்சீங்க, அந்த ரோட்டோரத்திலயா?


கடலோரத்தான்

படங்கில அக்கா. மனுசி பிரட்டினது.


பாலையூத்து மிளகாய்த்தூள் அக்கா

அப்ப சரி. காசு அவட கையிலதான் குடுப்பன், அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க.